கோப்பையைக் கொண்டுவந்த நகரம் அணியை இழந்தது

ஜீடிமெட்லா (ஐதராபாத்):

நாட்டின் மிகப் பழமையான கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை, 1950ஆம் ஆண்டு தலைநகர் தில்லிக்கே சென்று வென்று திரும்பியது ஐதராபாத் நகரக் காவல்துறை அணி. இறுதி ஆட்டத்தில் அது வீழ்த்தியது கொல்கத்தாவின் பெருமைக்குரிய மோகன் பாகான் அணியை. அதற்குச் சரியாக எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2025 அக்டோபரில், ஐதராபாத்தின் பெயரைத் தாங்கி இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளில் ஆடிவந்த ஐதராபாத் எஃப்.சி. அணி தில்லிக்கு இடம் மாற்றப்பட்டு, ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி என்று பெயரும் மாற்றப்பட்டது. முன்பு தில்லியிலிருந்து கோப்பையைக் கொண்டுவந்த நகரம், இப்போது தன் அணியையே தில்லிக்கு அனுப்பி வைத்திருக்கிறது.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட வரலாறு ஐதராபாத் ரசிகர்களின் ஏமாற்றம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. ஒரு விளையாட்டு அணி யாருக்குச் சொந்தம், எதன்மீது நிற்கிறது என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. அக்கேள்வியை எழுப்புவதற்கு ஜீடிமெட்லா பொருத்தமான இடம். செகந்தராபாத் ராணுவக் குடியிருப்புப் பகுதியான கன்டோன்மென்டுக்கு வடமேற்கே, மருந்து, ரசாயன, பொறியியல் ஆலைகளால் நிரம்பிய தொழிற்பேட்டை இது. ஐதராபாத் கால்பந்து பிறந்து வளர்ந்த கன்டோன்மென்ட் மைதானங்கள் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

இணைப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்

1950ஆம் ஆண்டு வெற்றியின் பொருளை அறிய, அன்றைய ஐதராபாத்தின் நிலையை அறிய வேண்டும். 1948 செப்டம்பரில், 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயரிடப்பட்ட ராணுவ நடவடிக்கையின் மூலம் நிஜாமின் அரசு இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன்னர் ரசாக்கர்களின் வன்முறை. அதன் பின்னர் முஸ்லிம்கள் மீதான பழிவாங்கல். பல்லாயிரம் பேர் உயிரிழந்ததாக பண்டித சுந்தர்லால் குழு மத்திய அரசுக்கு அளித்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலேயே இருந்தது. மறுபுறம் தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் 1951 வரை தொடர்ந்தது. காவல்துறை என்ற சொல்லே அச்சத்தை ஊட்டிய காலம் அது.

அந்தக் காலத்தில்தான், அந்நகரக் காவல்துறையின் பெயரைத் தாங்கிய ஓர் அணி தில்லிக்குச் சென்றது. அணியின் முன்னணி வீரர்களில் பலர் ஐதராபாத் முஸ்லிம்கள். கல்வியிலும் செல்வத்திலும் முன்வரிசையில் இல்லாத குடும்பங்களிலிருந்து வந்து, காவலர் பணியின் சிறு சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். டூரண்ட் போட்டியோ 1888இல் சிம்லாவில் பிரிட்டிஷ் அதிகாரி மார்ட்டிமர் டூரண்ட் தொடங்கி வைத்தது. ஆப்கன் எல்லைக்கோட்டுக்கும் இவர் பெயரே வழங்குகிறது. அரைநூற்றாண்டுக் காலம் அது வெள்ளையர் படைப்பிரிவுகளின் ஏகபோகமாக இருந்தது. 1940இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிதான் முதன்முதலாக அந்தக் கோட்டையை உடைத்தது. நாடு விடுதலை பெற்ற பின் முதல் முறையாக 1950இல் டூரண்ட் மீண்டும் நடத்தப்பட்டது.

எதிரே நின்ற மோகன் பாகான் சாதாரண அணியன்று. 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று, தேசிய இயக்கத்துக்கே உரமூட்டிய அணி அது. அடுத்த ஆண்டே இந்திய அணிக்குத் தலைமை ஏற்கவிருந்த சைலேன் மன்னாவைத் தன்னிடம் கொண்டிருந்தது. கால்பந்து என்றால் கொல்கத்தா, கொல்கத்தா என்றால் கால்பந்து என்று நாடே நம்பிய நாட்களில், தெற்கிலிருந்து வந்த காவலர் அணி கோப்பையுடன் திரும்பியது எதிர்பாராத ஒன்று. அதே ஆண்டு பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையையும் அந்த அணி கைப்பற்றியது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பை ஐதராபாத்துக்கே வந்தது. டூரண்ட் கோப்பையை 1954, 1957, 1961 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 1957இல் தோற்றது ஈஸ்ட் பெங்கால், 1961இல் மீண்டும் மோகன் பாகான்.

இவை அனைத்தும் வெளியூர் வெற்றிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தில்லியும் பம்பாயும் ஐதராபாத் அணிக்குச் சொந்த ஊர்கள் அல்ல. ரயிலில் நெடும்பயணம் செய்து, அறிமுகமில்லாத மைதானத்தில், தமக்காகக் குரல் கொடுப்பார் குறைந்த கூட்டத்தின் முன் ஆடிப் பெற்ற வெற்றிகள் அவை.

பள்ளி ஆசிரியரின் பயிற்சி

இந்த எழுச்சியின் பின்னணியில் இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். 1909இல் பிறந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலர் பொறுப்பேற்றார். 1950இல் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். 1963இல் மறையும்வரை இவ்விரு பொறுப்புகளிலும் நீடித்தார்.

ரஹீமின் முறை எளிமையானது. ஆனால் அன்றைய இந்தியாவுக்குப் புதியது. வலக்கால் பழக்கமுள்ளவர் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளையும், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடுவதைத் தடை செய்யும் போட்டிகளையும் அவர் நடத்தினார். தனி ஒருவரின் வித்தையை நம்பியிருந்த ஆட்டம், பந்தை விரைவாகக் கைமாற்றும் கூட்டு ஆட்டமாக மாறியது. ஐந்தடி உயரத்துக்குக் குறைந்தோருக்கென்றே தனிப் போட்டிகளை நடத்தி, எந்தச் சிறுவனும் உடலமைப்பால் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொண்டார். பயிற்சியாளரின் சொல்லே இறுதியானது என்ற ஒழுங்கை அணியில் நிலைநிறுத்தினார்.

பள்ளியில் சிறுவனைக் கண்டறிவது, உள்ளூர்க் கிளப்பில் அவனைப் பக்குவப்படுத்துவது, காவல்துறையிலோ வேறு துறையிலோ வேலை பெற்றுத் தருவது, பின்னர் தேசிய அரங்குக்கு அனுப்புவது என்ற படிக்கட்டு அந்த நகரில் அமைந்திருந்தது. ஒரு வீரனுக்குக் காயம் ஏற்பட்டாலும் வேலை போய்விடாது. அந்த உறுதியே வறுமைப்பட்ட குடும்பங்கள் தம் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பக் காரணமாக இருந்தது.

ஐதராபாத்தின் வெற்றி விரைவிலேயே இந்தியாவின் வெற்றியாக விரிந்தது. 1951இல் தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரதமர் நேரு பார்த்திருக்க, ஈரானை 1-0 என்ற கோல் கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றபோது பயிற்சியாளர் ரஹீமே. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றபோதும் அவரே. அந்த அணியில் இருந்த நூர் முகம்மது, அஜீசுத்தீன், மொயினுத்தீன், லத்தீஃப் ஆகியோர் ஐதராபாத்தில் உருவானவர்கள். தோல்வியை ரஹீம் பாடமாக எடுத்துக்கொண்டார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதி ஆடிய இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில், புற்றுநோயால் நலிந்த உடலுடன் அணியை நடத்திச் சென்ற ரஹீம், தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மீண்டும் தங்கத்துடன் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று அவர் காலமானார். அவரது வாழ்க்கையை வைத்து 2024இல் இந்தித் திரைப்படம் ஒன்று வெளிவந்த பிறகே பெரும்பாலான இளைஞர்கள் அவர் பெயரை அறிந்தனர்.

கன்டோன்மென்ட் தந்த தமிழர்கள்

ஐதராபாத் கால்பந்தில் தமிழருக்கும் பெரும் பங்கு உண்டு. செகந்தராபாத், திருமலகிரி, பொல்லாரம் ஆகிய இடங்களில் பிரிட்டிஷார் அமைத்த ராணுவக் குடியிருப்புகளுக்கு, சென்னை ராணுவத்தின் சிப்பாய்களாகவும் அவர்களைச் சார்ந்து பிழைத்தவர்களாகவும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பந்தை உதைக்கக் கற்றனர்.

கன்டோன்மென்டின் ஓரத்தில் உள்ள அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு ஐதராபாத் வரை வந்துபோக வசதியில்லாத அவருக்கு, வாடகை சைக்கிளுக்காக ரஹீம் நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்ததாக அவர் நினைவுகூர்ந்தது உண்டு. அந்தச் சிறுவன் 1956இல் மெல்போர்னிலும், 1960இல் ரோமிலும், 1962இல் ஜகார்த்தாவிலும் இந்தியாவுக்காக ஆடினார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவரணி இந்தியக் கால்பந்தின் பொற்காலத்துக்கே அடையாளமாயிற்று. நோயின் காரணமாக இருபத்தேழு வயதுக்குள் ஓய்வு பெற்ற அவர், 2023 பிப்ரவரியில் காலமானார்.

மற்றொருவர் பீட்டர் தங்கராஜ். செகந்தராபாத்தின் சிறு கிளப்புகளில் ஆடிய அவர், ராணுவத்தில் சேர்ந்து நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் கோல்காப்பாளரானார். 1955இல் இந்திய விமானப்படை அணியை 3-2 என்று வென்று டூரண்ட் கோப்பையை வெலிங்டனுக்குக் கொண்டுவந்த அணி அது. 1958இல் கூர்க்கா பிரிகேடை வென்று மறுபடியும் கொண்டுவந்தது. ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளராகப் போற்றப்பட்ட தங்கராஜ் 2008இல் மறைந்தார்.

காவல்துறை, ராணுவம் என்று அமைப்புகள் வேறாயினும் அடிப்படை ஒன்றே. வீரனுக்கு மாதச் சம்பளமும், ஓய்வுக்குப் பிந்தைய பாதுகாப்பும், ஆட ஒரு மைதானமும் இருந்தன.

படிக்கட்டு சரிந்தது

ரஹீமின் மறைவோடு அனைத்தும் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. சந்தோஷ் கோப்பையை 1956-57, 1957-58 பருவங்களில் ஐதராபாத் வென்றிருந்தது. மாநிலச் சீரமைப்புக்குப் பின் ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் 1965-66 பருவத்திலும் அக்கோப்பை வந்தது. அதற்குப் பின் இன்றுவரை வரவில்லை. முகமது ஹபீப், ஷபீர் அலி, விக்டர் அமல்ராஜ் என்று திறமைசாலிகள் தோன்றினர். ஆனால் அவர்கள் புகழ் பெற்றது கொல்கத்தாவின் அணிகளில். பெரும்பணம் தர இயலாத காவல்துறை அணியால் அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. வாரிசாக மற்றொரு ரஹீம் உருவாக்கப்படவில்லை. கால்பந்து ஆடப்பட்ட திறந்தவெளிகள் கட்டடங்களாயின. எஞ்சியவற்றில் கிரிக்கெட் குடியேறியது. தேசிய அரங்கில் அஞ்சப்பட்ட காவல்துறை அணி படிப்படியாக நினைவாகிப் போனது.

ஃபட்டோர்டா முதல் சென்னை வரை

2019இல் ஐதராபாத் எஃப்.சி. தொடங்கப்பட்டபோது பழைய பெருமை திரும்பும் என்ற நம்பிக்கை துளிர்த்தது. புனே நகர அணி விட்டுச்சென்ற இடத்தில் நுழைந்த அந்த அணி, முதல் பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று கடைசி இடத்தில் முடிந்தது. ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் பொறுப்பேற்றபின் நிலைமை மாறியது. விலை உயர்ந்த நட்சத்திரங்களைக் காட்டிலும் ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய் போன்ற இளம் இந்திய வீரர்களை அவர் நம்பினார்.

2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். மைதானத்தை நிறைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கேரள ரசிகர்கள். 68ஆம் நிமிடத்தில் கேரளம் கோல் அடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் சாஹில் தவோரா பதில் கோல் அடித்துச் சமன் செய்தார். பெனால்டி வாய்ப்புகளில் கோல்காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுக்க, 3-1 என்று ஐதராபாத் வாகை சூடியது. தொடங்கிய மூன்றாம் பருவத்திலேயே, கடைசி இடத்திலிருந்து முதலிடம். ரஹீமின் நகரம் மீண்டும் ஒரு வெளியூர் மைதானத்தில் வென்றது.

வீழ்ச்சியும் அதே வேகத்தில் வந்தது. நிதி நெருக்கடியால் வீரர்களின் சம்பளம் நிலுவையில் நின்றது. புதிய வீரர்களை ஒப்பந்தம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. மார்க்கெஸ் 2023இலேயே விலகியிருந்தார். 2024 தொடக்கத்தில் முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். எஞ்சியவர்கள் பெரும்பாலும் அனுபவமற்ற இளைஞர்கள். 2023-24 பருவத்தில் அந்த அணி பெற்றது ஒரே ஒரு வெற்றி.

அந்த வெற்றி கிடைத்த இடம் சென்னை. 2024 மார்ச்சில் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியை 1-0 என்று ஐதராபாத் இளைஞர்கள் வீழ்த்தினர். பட்டியலின் அடியில் கிடந்த, பாதி கலைந்துபோன அணி, வெளியூர் மைதானத்தில் பெற்ற அந்த வெற்றியைக் கோப்பைகளின் கணக்கில் சேர்க்க முடியாது. ஆயினும் 1950 அணியின் உண்மையான வாரிசுகள் யார் என்று கேட்டால், நிர்வாகம் கைவிட்ட நிலையிலும் ஆடிய அந்த இளைஞர்களைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

அதன் பின் உரிமை கைமாறியது. 2024-25 பருவத்தில் 13 அணிகளில் 12ஆவது இடம். 2025 ஜூலையில், வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் சூப்பர் லீக் தொடரே நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபரில் அணி தில்லிக்குச் சென்றது. நகர மக்களின் கருத்து எந்தக் கட்டத்திலும் கேட்கப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. ஏனெனில் அணி என்பது உரிமையாளரின் சொத்து, நகரத்தின் பெயர் அதன்மீது ஒட்டப்பட்ட சீட்டு மட்டுமே.

ஆலைகள் உண்டு, அணிகள் இல்லை

தனியார் முதலீடு கால்பந்துக்குத் தீங்கு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரமாகும். பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. ஆலை நடத்திய அணிதான் 1996-97இல் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது. மும்பையில் மகிந்திரா யுனைடெட், பெங்களூருவில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று ஆலைகளும் அலுவலகங்களும் நடத்திய அணிகள் பல தலைமுறை வீரர்களுக்குச் சோறு போட்டன. அவற்றின் பலம் வேலைவாய்ப்பு. மகிந்திரா அணி 2010இலும், ஜே.சி.டி. அணி 2011இலும் கலைக்கப்பட்டன. பொதுத்துறை நிறுவனங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனங்களும் சுருங்கின.

ஜீடிமெட்லா இந்த மாற்றத்தின் மறுபக்கம். ஆலைகளுக்குக் குறைவில்லை, பல மாநிலங்களிலிருந்து வந்த இளம் தொழிலாளர்களுக்கும் குறைவில்லை. ஆனால் சிறு ஆலைகளில் ஒப்பந்தத்தில் பணிபுரியும் இளைஞனுக்கு ஷிப்டு முடிந்தபின் ஆட நேரமும் இல்லை, ஆடினால் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 1950இல் ஒரு காவலருக்குக் கிடைத்த அந்த உறுதியை, அதைவிடப் பன்மடங்கு செல்வம் பெருகிய நகரம் இன்று எவருக்கும் அளிப்பதில்லை.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கல்வி நிறுவனக் குழுமம் ஒன்று நடத்தும் ஸ்ரீநிதி டெக்கான் அணி, ஐ-லீக் போட்டியில் 2022-23, 2023-24 ஆகிய இரு பருவங்களிலும் இரண்டாம் இடம் பெற்றது. தனக்கெனச் சொந்த மைதானமும் கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் சந்தோஷ் கோப்பையின் இறுதிச் சுற்று ஐதராபாத்திலேயே நடந்தது. ஆண்டின் கடைசி நாளில் கேரளத்தை வென்று வங்காளம் கோப்பையைக் கொண்டு சென்றது. ஆட்டத்தைப் பார்க்கும் மக்கள் இருக்கிறார்கள். ஆடுவோருக்கான ஏணிதான் இல்லை.

நாடெங்கும் உள்ள அணிகளின் எதிர்காலமும் இதில் அடங்கியுள்ளது. சென்னை, கொச்சி, பெங்களூரு ரசிகர்கள் தம் அணி என்று கருதுபவையும் ஒப்பந்தக் காகிதத்தில் ஓர் உரிமையாளரின் சொத்துகளே. ஜெர்மனியில் கிளப்புகளின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி வகுத்துள்ளனர். சில விதிவிலக்குகள் தவிர, எந்த முதலாளியும் தன் விருப்பப்படி அணியை வேறு ஊருக்கு எடுத்துச் செல்ல முடியாது. இந்தியாவில் அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் இல்லை. மாநில அரசுகள் மைதானத்தை வழங்கும்போதும் சலுகைகளை அறிவிக்கும்போதும், அணி ஊரிலேயே இருக்க வேண்டும், உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து வீரர்களை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை விதிப்பதற்குத் தடையேதும் இல்லை.

1950இல் தில்லி சென்ற காவலர்களிடம் விளம்பரதாரரும் இல்லை, தொலைக்காட்சி உரிமையும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியரும், ஒரு மாதச் சம்பளமும், ஒரு நகரமும் இருந்தன. கோப்பையைக் கொண்டுவர அவை போதுமானவையாக இருந்தன.